ரூட் கெனால் செய்த பல்லுக்கு எந்த செராமிக் கேப்?

கடைவாய்ப் பல் என்றாலே "சிர்கோனியாதான் பலம், அதையே போடு" என்பார்கள். எண்களும் அப்படித்தான் சொல்கின்றன: 3ஒய் (3 மோல்% இட்ரியா கலந்த) சிர்கோனியாவின் வளைவு வலிமை 900 முதல் 1200 மெகாபாஸ்கல், லித்தியம் டைசிலிகேட் 400-ஐ ஒட்டி, ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் 100-ஐ ஒட்டி. ஆனால் கேப் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அடியில் பல் முறிந்தால் என்ன பயன்? கேட்டலாக்கை மூடிவிட்டு, புரோபை (அளவு குறித்த மெல்லிய கருவி) எடுத்து மிச்சமிருக்கும் பல்லை அளந்து பாருங்கள்.

கேப்பின் விளிம்புக்கு மேல் சுற்றிலும் 2 மி.மீ. நல்ல டென்டின் (எனாமலுக்கு அடியில் இருக்கும் பல் திசு) நின்றால் சிர்கோனியா, டைசிலிகேட் இரண்டில் எதைப் போட்டாலும் சரி. எதிர்ப்பல்லோடு இடைவெளி குறைவு, அல்லது பல்லை நறநறவெனக் கடிப்பவர் என்றால் சிர்கோனியா. மேலே 1 மி.மீ. சீவினால் போதும், டைசிலிகேட்டுக்கு 1.5 வேண்டும். கடைவாய்ப் பல்லில் உயரம் போய்விட்டது, பல்ப் சேம்பர் (பல்லின் நடுவில் நரம்பு இருந்த குழி) மட்டும் ஆழமாக இருக்கிறது என்றால் போஸ்ட்டுக்காக (வேருக்குள் இறக்கும் தண்டு) வேரைத் துருவாதீர்கள். டைசிலிகேட் என்டோகிரவுன் (அந்தக் குழிக்குள் இறங்கி ஒரே துண்டாக நிற்கும் கேப்) செய்யலாம்: மேலே 2 மி.மீ. சீவி, விளிம்பைத் தட்டையாக விட்டு, சேம்பர் சுவரை 8–10 டிகிரி விரிக்க வேண்டும். விளிம்பு எனாமலில் நிற்பது நல்லது. கறுத்த முன்பல்லுக்கு ஒளி அதிகம் புகும் வகை வேண்டாம். உள்ளே இருக்கும் கறுப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சறுக்குவது பெரும்பாலும் ஒட்டும்போதுதான். டைசிலிகேட்டின் உள்பக்கத்தில் 5% ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் 20 வினாடி, கழுவி உலர்த்தி, சைலேன் (பீங்கானையும் ரெசினையும் இணைக்கும் திரவம்) 60 வினாடி. அமிலம் வேலை செய்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கி வெளுத்திருக்கும். இதை வாய்க்கு வெளியே, கையுறையோடு மட்டுமே செய்ய வேண்டும்.

சிர்கோனியாவில் கண்ணாடியே இல்லாததால் அந்த அமிலத்துக்கு வேலையில்லை. 50 மைக்ரான் அலுமினாத் துகளை 2 பார் அழுத்தத்துக்கு மிகாமல் அடித்து, எம்டிபி (சிர்கோனியாவைப் பற்றும் பாஸ்பேட் மூலக்கூறு) உள்ள பிரைமரைப் பூசுங்கள். இதை வாயில் பொருத்திப் பார்த்த பிறகே செய்ய வேண்டும். எச்சிலின் பாஸ்பேட் சிர்கோனியாவைப் பற்றிக்கொண்டால் எம்டிபிக்கு இடம் இருக்காது. பழக்க தோஷத்தில் பாஸ்பாரிக் அமிலத்தால் துடைத்தாலோ இன்னும் கெடும், அதுவும் பாஸ்பேட்தானே.

பல் பக்கம் யூஜினால் (கிராம்பு எண்ணெயில் உள்ள பொருள்) கவனம். அது கலந்த சீலரோ (வேர்க்குழாயை அடைக்கும் பசை) தற்காலிக சிமென்ட்டோ சுவரில் மிச்சமிருந்தால் கேப்பை ஒட்டும் ரெசின் சரியாக இறுகாது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, டென்டினை லேசாகப் புதுப்பித்த பிறகு ஒட்டுங்கள்.

கடித்துப் பார்த்துச் சிர்கோனியாவைத் தேய்த்திருந்தால் கண்ணாடிபோல் மினுங்கும்வரை பாலிஷ் செய்யாமல் அனுப்பாதீர்கள். சொரசொரப்பான இடம் எதிர்ப்பல்லின் எனாமலை அரம்போல் தேய்க்கும்.