சுமை நிற்காமல் பீடரை மறு பஸ்பாருக்கு மாற்றும் முறை

இரட்டைப் பஸ்பார் (பல சுற்றுகள் இணையும் பொதுக் கடத்தி) அமைப்பு கொண்ட துணை மின்நிலையத்தில் ஒவ்வொரு பீடருக்கும் (மின்பாதைக்கும்) சுமையோடும் துண்டிக்கவல்ல ஒரு பிரேக்கரும், அதை முதல் பஸ்பாருடனோ இரண்டாம் பஸ்பாருடனோ இணைக்க கத்தி போன்ற தொடுமுனைகள் கொண்ட இரண்டு ஐசொலேட்டர்களும் இருக்கும். ஒரு பஸ்பாரில் பராமரிப்புப் பணி செய்ய வேண்டுமானால், அதிலுள்ள பீடர்கள் அனைத்தையும் மின்தடை இல்லாமல் மற்றொன்றுக்கு மாற்றிவிடலாம் என்பதே இவ்வமைப்பின் பெரும் பயன். பீடரின் பிரேக்கரையே பழுதுபார்ப்பதற்கு இது போதாது. அதற்குத் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபர் பஸ்ஸோ (மாற்றுப் பஸ்பாரோ), இரண்டு சுற்றுகளுக்கு மூன்று பிரேக்கர்கள் வைக்கும் ஒன்றரை பிரேக்கர் அமைப்போ தேவை.

ஐசொலேட்டருக்குச் சுமையைத் துண்டிக்கும் திறன் கிடையாது. ஆயினும் இரு பஸ்பார்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் பஸ் கப்ளர் மூடியிருக்கையில் (இணைப்பு நிலையில் இருக்கையில்) இரு பஸ்பார்களும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால், ஓர் ஐசொலேட்டரைத் திறக்கும்போது அதன் மின்னோட்டம் மறு ஐசொலேட்டர் வழியாகவும் கப்ளர் வழியாகவும் திரும்பிக்கொள்கிறது. கத்திகளுக்கிடையே எழும் வில்பொறி சிறிதாகவே இருக்கும். இந்த மாற்று மின்னோட்டத்துக்கும் எல்லை உண்டு. ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 62271-102 தரநிலை அதை ஐசொலேட்டரின் இயல்பு மின்னோட்டத்தில் 80 சதவீதமாகவும், பொதுவாக 1600 ஆம்பியருக்கு மிகாமலும் வைக்கிறது. கப்ளரிலிருந்து வெகுதொலைவில் உள்ள பீடருக்குச் சுற்றுப்பாதை நீளும் என்பதால் அங்கே வில்பொறி சற்றுப் பெரிதாகும். அந்தப் பீடரின் கருவிகள் உள்ள பகுதியில் கூடுதல் கவனம் வேண்டும்.

முதலில், இரு பஸ்பார்களும் தனித்தனி மூலங்களால் ஊட்டப்பட்டிருந்தால், ஒத்தியங்கு நிலையை (இரண்டின் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் கட்டமும் ஒத்திருப்பதை) சரிபார்த்த பிறகே கப்ளரின் ஐசொலேட்டர்களையும் பிரேக்கரையும் மூடுங்கள். அடுத்து, உங்கள் நிலையத்தின் இயக்க நடைமுறைப்படி, மாற்றம் முடியும்வரை கப்ளர் பிரேக்கர் திறந்துவிடாதபடி அதைத் தானாகத் திறக்கச்செய்யும் டிரிப் சுற்றைத் தடைசெய்யுங்கள். இந்தப் படியைச் சடங்காக எண்ணிவிடக் கூடாது. பீடரின் இரு ஐசொலேட்டர்களும் மூடியிருக்கும் கணத்தில் கப்ளர் திறந்துகொண்டால், இரு பஸ்பார்களுக்கும் இடையே ஓடும் மின்னோட்டம் முழுவதும் அந்த இரு ஐசொலேட்டர்கள் வழியாகவே பாயும்; அதையறியாமல் ஒன்றைத் திறப்பவர் சுமையையே கத்தியால் வெட்டுகிறார், அவர் நிற்பதோ அதன் அடியில்.

பின்னர் இரண்டாம் பஸ்பாரின் ஐசொலேட்டரை மூடி, மூன்று பேஸ்களிலும் கத்திகள் முழுமையாகப் பொருந்தியுள்ளனவா என்பதை யார்டுக்குச் சென்று கண்ணால் பாருங்கள். பேனல் விளக்கை மட்டும் நம்புவது போதாது என்பது என் உறுதியான கருத்து. ஐசொலேட்டரை இயக்கும் மோட்டாருக்கும் கத்திக்கும் இடையிலுள்ள இணைப்புத்தண்டு நழுவியிருந்தால், விளக்கு மூடிய நிலையைக் காட்ட, கத்தி பாதியில் நின்றிருக்கக்கூடும். பொருத்தம் உறுதியான பின் முதல் பஸ்பாரின் ஐசொலேட்டரைத் திறந்து, மூன்று பேஸ்களிலும் இடைவெளி தெளிவாக இருப்பதைக் காணுங்கள். இவ்வாறு ஒரு நேரத்தில் ஒரு பீடரை மட்டும் மாற்றுங்கள்.

ஒவ்வொரு பீடரை மாற்றிய பிறகும் பழுதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கச்செய்யும் ரிலேக்களுக்கும் மீட்டர்களுக்கும் வரும் பி.டி. (அளவீட்டுக்காக மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் மின்மாற்றி) மின்னழுத்தம் புதிய பஸ்பாரிலிருந்து கிடைக்கிறதா என்றும், பஸ்பார் பாதுகாப்பு ரிலே அந்தப் பீடரைச் சரியான மண்டலத்தில் (அது இணைந்துள்ள பஸ்பாரின் பாதுகாப்புப் பகுதியில்) காட்டுகிறதா என்றும் சரிபாருங்கள். ரிலே இதை ஐசொலேட்டரின் துணைத் தொடர்புகளை (அதன் நிலையைத் தெரிவிக்கும் சிறு சுவிட்சுகளை) கொண்டே அறிகிறது. அவற்றில் ஒன்று தவறினாலும் மண்டலக் கணக்கு பிழையாகி, நல்ல பஸ்பார் வீணாகத் துண்டிக்கப்படலாம். இரு ஐசொலேட்டர்களும் மூடியிருக்கும் சிறுபொழுதில் இரு மண்டலங்களும் ஒன்றாகிவிடும் என்பதால், அப்போது நேரும் பழுது நிலையம் முழுவதையும் நிறுத்திவிடும். அந்த இடைவேளையைத் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள்.

எல்லாப் பீடர்களும் மாறியதும் கப்ளரின் டிரிப் சுற்றை மீண்டும் இயக்கநிலைக்குக் கொண்டுவந்து, அதன் மின்னோட்டம் ஏறக்குறைய சுழியமாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பிரேக்கரைத் திறங்கள். பிறகு கப்ளரின் ஐசொலேட்டர்களைத் திறந்து பூட்டி, காலியான பஸ்பாரின் பி.டி. இரண்டாம் சுற்றிலிருந்து மின்சாரம் பின்வழியே ஏறாதபடி அதன் சிறு பிரேக்கரையும் திறந்துவிடுங்கள். மின்னழுத்தம் இல்லை என்பதைச் சோதித்து, நில இணைப்புக் கொடுத்த பின்னரே பணி அனுமதிச் சீட்டை வழங்க வேண்டும்.