வயிறு இறுக வேண்டுமென்றால் முதலில் சீனிக் கரண்டியைப் பாருங்கள்

தினமும் நூறு சிட்அப் எடுக்கிறோம், ஒரு மாதமாகியும் வயிறு அப்படியே இருக்கிறது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துத் தம்பிமார் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி, கோப்பைக்கு எத்தனை கரண்டி சீனி? ஐந்து கோப்பை, இரண்டிரண்டு கரண்டி என்றார்கள். ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம், கிராமுக்கு 4 கலோரி, ஆக பத்துக் கரண்டிக்கு 160 கலோரி. அதுவும் தட்டி அளந்தால்தான் இந்தக் கணக்கு, நம் வீடுகளில் கரண்டி குவிந்துதானே கோப்பைக்குள் போகிறது. கித்துல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

வயிற்றுத் தசை எல்லாருக்கும் இருக்கிறது, அதை மூடியிருப்பது கொழுப்பு. வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது, உடம்பு முழுவதும் குறையும்போதுதான் அங்கேயும் குறையும், ஆண்கள் பலருக்குக் கடைசியாகக் கரைகிற இடமும் அதுதான். நம் தெற்காசிய உடம்புக்கு இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. அதைத் தாண்டினால் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது, அதனால் இது அழகுக்காக மட்டும் செய்கிற வேலையில்லை.

சீனியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், கோப்பைக்கு வாரம் அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும்.

அப்புறம் ரொட்டி. காலையில் உள்ளங்கை கனத்தில் மூன்று கோதுமை மா ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டால் வயிறு நிறையும், ஆனால் 100 கிராம் மாவில் 350 கலோரிக்குப் பக்கம் இருக்கிறது, புரதமோ 10 கிராம் அளவுதான். ரொட்டியை ஒன்றாகவோ ஒன்றரையாகவோ ஆக்கி, கூடவே இரண்டு அவித்த முட்டை அல்லது ஒரு கோப்பை அவித்த கடலை வையுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், கடலை காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு 19 கிராம் வரை தரும். பருப்பு, கௌபி, நெத்தலிக் கருவாடு எல்லாம் நல்லது, கருவாட்டைச் சுடுதண்ணீரில் இரண்டு முறை கழுவி உப்பைப் போக்கிவிடுங்கள். மதியம் தட்டில் பாதிக்கு லீக்ஸ், போஞ்சி, கோவா, கரட். நுவரெலியாப் பக்கம் விளைகிற இந்த மரக்கறியெல்லாம் கொழும்புக்கு லொறியில் போகிறது, விளைகிற இடத்தில் நாம் சோற்றையே குவித்துச் சாப்பிடுகிறோம்.

மலையில் கொழுந்து பறிக்கிற அக்காமாரே, நீங்கள் சாப்பாட்டைக் குறைக்கவே வேண்டாம், உங்கள் உடம்பு நாள் முழுக்க உழைக்கிறது. சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடிப்பதை மட்டும் ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடுங்கள், அது சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் முழுதாகச் சேரவிடாது.

பயிற்சி வாரத்தில் மூன்று நாள் போதும். விடியற்காலைக் குளிரில் உடம்பு விறைத்திருக்கும், முதலில் ஐந்து நிமிடம் மேட்டில் விறுவிறுவென்று ஏறி இறங்குங்கள். சீமெந்துத் தரையில் சாக்கை இரண்டாக மடித்துப் போட்டு, முழங்கையும் கால்விரலும் மட்டும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராகப் பிடிப்பதுதான் பிளாங்க். 20 விநாடி, மூன்று தடவை. இடுப்பு தொய்யத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் பிடித்தால் பாரம் முதுகுக்குத்தான் போகும். அடுத்தது மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்துத் தூக்கி, இரண்டு கையையும் மேலே நீட்டி, வலக்கையையும் இடக்காலையும் மெதுவாகத் தரைப் பக்கம் இறக்குங்கள், பிறகு மற்றக் கையும் காலும். முதுகுக்கும் சாக்குக்கும் நடுவில் இடைவெளி விழக்கூடாது. இதோடு தண்டால், உட்கார்ந்து எழும்புதல். மற்ற நாட்களில் அரை மணித்தியாலம் மேடேறி நடந்தால் போதும்.

பிள்ளை பெற்ற தங்கச்சிமார் சிட்அப் எடுக்கும் முன், எழும்பும்போது வயிற்றின் நடுக்கோடு புடைக்கிறதா என்று பாருங்கள். புடைத்தால் தசை விலகியிருக்கலாம், முதலில் மிட்வைஃபிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள்.

தராசு இல்லாவிட்டால் ஒரு நூல் போதும். ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றில் தொப்புளைச் சுற்றி அளந்து முடிச்சுப் போடுங்கள். மூன்று வாரமாக முடிச்சு ஒரே இடத்தில் நின்றால் சிட்அப்பைக் கூட்டாதீர்கள், அரை ரொட்டியைக் குறையுங்கள்.