மருந்துக் கணக்கு: முதலில் லேபிள், அப்புறம்தான் வகுத்தல்

நர்சிங் சேர்ந்த புதிதில் மருந்துக் கணக்கு என்றாலே பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையில் அதில் எட்டாம் வகுப்புக் கணக்கைத் தாண்டி ஒன்றும் இல்லை. டாக்டர் ஆர்டரில் உள்ள டோஸை, கையில் இருக்கும் மருந்தின் அளவால் வகுத்து, அந்த மருந்து எத்தனை மில்லியில் இருக்கிறதோ அதால் பெருக்கினால் முடிந்தது. வகுக்கத் தெரியாமல் யாரும் தப்புப் பண்ணுவதில்லை, லேபிளிலிருந்து எடுக்கிற எண்ணில்தான் சறுக்குகிறார்கள். தேர்வுத்தாளில் ஸ்ட்ரெங்த்தை, அதாவது எத்தனை மில்லியில் எவ்வளவு மருந்து என்பதை, கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள், வார்டில் அதைத் தேடிப் படிக்க வேண்டியது நீங்கள்தான்.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ குழந்தை, கிலோவுக்கு 15 மி.கி. என்று ஆர்டர், ஆக ஒரு வேளைக்கு 150 மி.கி. இப்போது அலமாரியைத் திறந்தால் 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப் இருக்கும், 5 மில்லியில் 250 மி.கி. உள்ளதும் இருக்கும், பக்கத்திலேயே 1 மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தும் இருக்கும். முதல் பாட்டிலில் 6.25 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் வெறும் 1.5 மில்லி. பாட்டிலைப் பார்க்காமல் அந்த 6.25 மில்லியைச் சொட்டு மருந்தில் எடுத்தால் குழந்தைக்கு 625 மி.கி. போய்விடும், நாலு மடங்குக்கும் மேல். அதனால் கணக்கைத் தொடங்குமுன் '1 மில்லியில் எவ்வளவு' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஜென்டாமைசின் ஊசி மருந்தின் ஆம்பியூலில் (உடைத்துத் திறக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) 2 மில்லியில் 80 மி.கி. என்றால் 1 மில்லியில் 40. ஆர்டர் 60 மி.கி. என்றால் 1.5 மில்லி. பேனாவே வேண்டாம்.

இன்சுலினுக்கு இன்னும் கவனம் வேண்டும். நம் ஊரில் வையலில் (ரப்பர் மூடி போட்ட மருந்துக் குப்பி) வருவது பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட், அதற்கு சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்ச். இன்சுலின் பேனா கார்ட்ரிட்ஜ்களிலும் சில வையல்களிலும் 1 மில்லிக்கு 100 யூனிட், அந்த வையலுக்கு ஆரஞ்சு மூடி போட்ட 100 சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது கால் மில்லி, அதாவது 25 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கும். மாற்றிச் செய்தால், 40 மருந்தை 100 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால், வெறும் 4 யூனிட்தான், சர்க்கரை இறங்கவே இறங்காது, ஏன் என்று எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். மூடி நிறத்தை மட்டும் நம்பாமல் வையலில் அச்சடித்த எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டிரிப்புக்கு வருவோம். 500 மில்லி சலைன், 8 மணி நேரம். டிரிப் ஏற்றும் குழாய் செட்டின் உறையிலேயே 1 மில்லிக்கு எத்தனை சொட்டு என்று போட்டிருக்கும், பெரியவர்களுக்கான செட்டில் பெரும்பாலும் 20. 500ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 20.8, நிமிடத்துக்கு 21 சொட்டு. குறுக்குவழி வேண்டுமா? 20 சொட்டு செட் என்றால் மணிக்கு எத்தனை மில்லியோ அதை 3ஆல் வகுங்கள். 60 சொட்டு மைக்ரோ செட்டில் வகுக்கவே வேண்டாம், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. 21 சொட்டை ஒரு நிமிடம் முழுக்க எண்ணப் பொறுமை இல்லாவிட்டால் 20 நொடியில் 7 சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். நோயாளி பாத்ரூம் போய்வந்தால் வேகம் மாறியிருக்கும், மறுபடி எண்ணுங்கள்.

சதவீதத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 1% என்றால் 100 மில்லியில் 1 கிராம், அதாவது 1 மில்லியில் 10 மி.கி. லிக்னோகெய்ன் 2% என்றால் 1 மில்லியில் 20 மி.கி. அட்ரினலின் 1:1000 என்றால் 1000 மில்லியில் 1 கிராம், அதாவது 1 மில்லியில் 1 மி.கி.

ஐ.சி.யூ. போனால், இறங்கிப்போன ரத்த அழுத்தத்தை ஏற்றக் கொடுக்கும் டோபமைன் வரும். 200 மி.கி. ஆம்பியூலை மொத்தம் 50 மில்லியாக்கினால் 1 மில்லியில் 4 மி.கி., அதாவது 4000 மைக்ரோகிராம். ஆர்டர் நிமிடத்துக்கு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், ஆள் 60 கிலோ என்றால் நிமிடத்துக்கு 300, மணிக்கு 18,000, அதை 4000ஆல் வகுத்தால் பம்பில் மணிக்கு 4.5 மில்லி. இங்கே சறுக்குவது இரண்டே இடம்: மணிக்கு மாற்ற 60ஆல் பெருக்க மறப்பது, மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றாமல் விடுவது. இரண்டாவது தப்பில் விடை ஆயிரம் மடங்கு பிசகும். 4500 மில்லி என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும், ஆனால் புள்ளி ஒரே ஒரு இடம் தள்ளி 45 என்று வந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் இதைத் தனியாகப் போட்டுவிட்டு ஏற்றாதீர்கள், உங்கள் விடையைச் சொல்லாமல் பக்கத்து சிஸ்டரையும் தனியாகப் போடச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கேட்டால் அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.