நட்சத்திரமும் தேதியும் கைகோக்கும் பிறந்தநாள்

வீட்டில் யாருக்காவது இந்த வருஷம் 19, 38, 57 அல்லது 76 வயது நிறைகிறதா? தினசரி காலண்டரில் அவர் பிறந்த தேதித் தாளைப் புரட்டிப் பாருங்கள். அவருடைய ஜென்ம நட்சத்திரம் அன்றைக்கே இருக்கும். தப்பினால் ஒரு நாள் முன்பின். மற்ற வருஷங்களில் கோயில் அர்ச்சனை ஒரு நாள், கேக் இன்னொரு நாள் என்று இழுபடுவது இந்த வருஷம் ஒன்றாக முடிந்துவிடும்.

காரணம் நிலா. 19 வருஷத்தில் அது 254 தடவை நட்சத்திர மண்டலத்தைச் சுற்றி முடிக்கிறது. கணக்கில் இரண்டு மூன்று மணி நேரம்தான் பிசகு. திதியும் அப்படியே திரும்பும். பௌர்ணமியில் பிறந்த பிள்ளைக்கு 19-ஆம் பிறந்தநாளிலும் கிட்டத்தட்ட முழுநிலா! மொட்டை மாடியில் சாப்பாடு போட இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கிற நாம் இந்த 19-ஐக் கண்டுகொள்வதே இல்லை.

76-இல் பொருத்தம் இன்னும் கச்சிதம். “ஆடி மாசம், உத்திரம்” என்று மட்டும் சொல்கிற பாட்டிக்கு 76 என்று உறுதியாகத் தெரிந்தால், இந்த வருஷ ஆடியில் உத்திரம் வரும் தேதிதான் அநேகமாக அவர் பிறந்த தேதி.

அப்படியே எல்லோர் நட்சத்திரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். 27 நட்சத்திரம்தானே, ஏழு பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே நட்சத்திரம் அமைய பாதிக்கு மேல் வாய்ப்பு. மாமியாரும் மருமகளுமாக இருந்துவிட்டால் அர்ச்சனைச் சீட்டு ஒன்றே போதும்.