டிரமடாலும் தவறிப்போன எடைக் கணக்கும்

கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை எடை போட்டுக் கணக்கு எழுதுவது என் வேலை. முதுகுத்தண்டு டிஸ்க் வலிக்கு நீண்ட நாளாக டிரமடால் என்ற ஓபியாய்டு வகை வலி மாத்திரை, இரவில் நரம்பு வலிக்கான பிரீகாபலின். வலி அடங்கியது, தலை மந்தமானது. தராசில் 47 கிலோ என்று பார்ப்பேன். பேனா பேரேட்டைத் தொடுவதற்குள் எண் போய்விடும். "ஏங்க, இப்பதானே சொன்னேன்" என்பது வீட்டில் தினப்பேச்சு.

வயசாகிவிட்டது என்று பலர் சொன்னார்கள். எனக்கு மாத்திரை மேல்தான் சந்தேகம். மாத்திரை போட்ட நேரம், வலி, தூக்கம், மறதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்தேன். தீராத வலியும் தூக்கக் குறைவும்கூடக் கவனத்தைக் கெடுக்கும், அதனால் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில்தான் மந்தம் அதிகம். நோட்டைப் பார்த்த கோயம்புத்தூர் டாக்டர், இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடும், மூச்சே மந்தமாகலாம் என்றார். முதலில் பிரீகாபலினை, அப்புறம் டிரமடாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஒவ்வொரு குறைப்புக்குப் பிறகும் சில வாரம் பொறுத்தோம். மூக்கொழுகல், கொட்டாவி, வியர்வை வந்தன. மலைக்குளிர் சளி என்று நினைத்துவிடாதீர்கள், மருந்து குறையும்போது வருவதுதான். திடீரென்று நிறுத்தினால் இன்னும் மோசமாகும், வலிப்புகூட வரலாம். புற்றுநோய் வலிக்கு, டிரமடால் வகையைச் சேர்ந்த மார்ஃபின் மருந்து எடுப்பவர்களை இதைச் சொல்லிப் பயமுறுத்தவும் கூடாது.

இப்போது பிசியோதெரபி பயிற்சி, தேவைப்பட்டால் பாராசிட்டமால். மேட்டில் ஏறினால் வலி இருக்கிறது. பேரேடு சரியாக இருக்கிறது.