அம்மாவும் டிக் அடிக்கிற பட்டியல்

போன தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். ஆரம்பத்தில் எல்லா வேலையும் ஃபேமிலி குரூப்பில்தான் ஓடியது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே "மாலைக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சா?" என்ற கேள்வி புதைந்துபோனது. நான் ஒரு பூக்காரருக்கும், சித்தப்பா இன்னொருவருக்கும் பணம் கொடுத்துவிட்டோம். அன்று இரவே, எல்லோரும் சேர்ந்து பார்த்து டிக் அடிக்கிற மாதிரி ஒரு வேலைப் பட்டியல் செயலியைத் தேட உட்கார்ந்தேன்.

நீங்களும் தேடுவதாக இருந்தால், செயலியைத் திறந்து தனியாகத் தட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சின்னதாக ஒரு நிஜ வேலையை எடுத்து, அதில் கைவைக்கிற எல்லோரையும் சேர்த்து ஒரு வாரம் ஓட்டுங்கள். நான் எடுத்தது தாம்பூலப் பை.

முதலில் ட்ரெல்லோ என்ற செயலி. பலகை மாதிரி ஒரு போர்டு, அதில் 'செய்யணும்', 'நடக்குது', 'முடிஞ்சது' என மூன்று வரிசை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. வேலை நகர நகர அதை அடுத்த வரிசைக்கு இழுத்துவிடுவோம். கார்டிலேயே கெடு தேதி போடலாம், ரசீதைப் படம் பிடித்துச் சேர்க்கலாம். எனக்கும் தம்பிக்கும் ரொம்பப் பிடித்துப்போனது. அம்மா மூன்று நாளாகத் திறக்கவே இல்லை. "எதை எங்கே இழுக்கணும்னே பிடிபடலைடா" என்றார்.

சரி என்று கூகுளின் குறிப்பெழுதும் செயலியான கீப்புக்கு வந்தோம். புதுக் குறிப்பை டிக் பெட்டிகள் உள்ள பட்டியலாக மாற்றுங்கள். கணினியில் என்றால் குறிப்பின் அடியில் ஆள் உருவமும் கூட்டல் குறியும் தெரியும். அதை அழுத்தி மற்றவரின் ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் போதும். அம்மா கடையில் நின்றபடி 'தேங்காய் 400' என்ற வரியைத் தொட்டார். வீட்டில் என் திரையில் அதன் மேல் கோடு விழுந்து, வரி அடியில் போய்ச் சேர்ந்தது. அன்றே முடிவாகிவிட்டது.

ஒரு விஷயம் கவனியுங்கள்: குறிப்புக்கு நீங்கள் கொடுக்கும் நிறமும் லேபிளும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சிவப்பு என்றால் அவசரம் என்று நினைத்திருந்தேன். சித்தப்பாவுக்கு அது வெள்ளையாகவே இருந்தது. அவசரம் என்றால் எழுத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஆள் பெயரும் நாளும் இருக்கட்டும்: 'மஞ்சள் பை 400, சித்தப்பா, வெள்ளிக்குள்'. சேர்ந்த எவரும் திருத்தலாம் என்பதால் வங்கிக் கணக்கு எண்ணையெல்லாம் அதில் போட வேண்டாம்.

வேலை முடிந்ததும் குறிப்பை அழிக்காதீர்கள். உருவாக்கியவர் அழித்தால் எல்லோருக்கும் போய்விடும். காப்பகத்துக்கு (Archive) நகர்த்திவிடுங்கள். எங்கள் பட்டியலை நகலெடுத்துத்தான் பெரியம்மா மகள் இப்போது வளைகாப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள்.