வீட்டு முற்றத்தில் மகளின் திருமணம்: தாய் கவனிக்க வேண்டியவை

ஐம்பது பேருடன் அடங்கும் திருமணத்தை இலங்கையின் வடக்கே வன்னியில் வீட்டு முற்றத்திலேயே நிறைவாகச் செய்யலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்து நாள் பாருங்கள், ஏனெனில் ஊறிய மண்ணில் பந்தற்கால் நிலைக்காது.

விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்தபின் வழமையாக 12 நாட்கள் செல்ல வேண்டியிருப்பதால், அதை முதல் வேலையாகக் கொள்ளுங்கள். சாட்சிகள் இருவரையும் அப்போதே ஒழுங்குசெய்யுங்கள்.

தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்கல் மாப்பிள்ளை வீட்டில் நடைபெறும். அன்று முள்முருக்கந்தடியில் கன்னிக்கால் எனும் மங்கலக் காலும் ஊன்றப்படும். அதன்பின் மணமக்கள் தாலிகட்டும்வரை சந்திப்பதில்லை என்பதால், கூறைச்சேலை முதல் மாலைவரை இருவரும் சேர்ந்து தெரிவுசெய்ய வேண்டியவற்றை முன்னரே முடிக்க விடுங்கள்.

கல்யாணப் பலகாரம் சுடும் நாளான பலகாரச் சூட்டுக்கு அயலவரைக் கட்டாயம் அழையுங்கள். கல்யாண வீட்டின் களை அன்றுதான் வரும். பயற்றம் பணியாரத்துக்கு, வறுத்தரைத்த பயற்றம் மாவுடன் தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்), ஏலம், மிளகு, சீரகம் சேர்த்து, பாகு விட்டுக் குழைத்து, கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே உருண்டை பிடித்துவிட வேண்டும், ஆறினால் உதிரும். பின்னர் தேங்காய்ப்பாலில் கரைத்த அரிசிமாவில் தோய்த்து, மிதமான நெருப்பில் பொரித்தெடுங்கள்.

போரில் இழந்த உறவுகளின் படங்களுக்குத் திருமணத்துக்கு முந்தின நாள் மாலையே விளக்கேற்றி, மகளுடன் சற்று நேரம் அமர்ந்திருங்கள். அந்த அழுகையை மணவறை வரை தள்ளிவைப்பது அவளுக்குப் பாரம். விடிந்ததும் அலங்காரம் தொடங்குமுன் அவளுக்குப் பாலும் பழமும் கொடுங்கள்.